பழைய தாளிலிருந்து தமிழ் எழுத்தை எடுக்க எந்த இலவசக் கருவி?

எங்கள் வீட்டுப் பரணில் கிடந்த தகரப் பெட்டியைப் போன வருடம் கீழே இறக்கினோம். உள்ளே மூன்று விதமான பொருள்கள் இருந்தன. தாத்தா 1960களில் அச்சடித்து ஊருக்கு வழங்கிய கோயில் வரலாற்றுச் சிறுநூல் ஒன்று. ஈய எழுத்துக் கோத்து அச்சிட்ட 64 பக்கம். அடுத்தது, பாட்டி கைப்பட எழுதிய நோட்டு. கைமருந்து, தாலாட்டு, கும்மிப் பாட்டு, நடுநடுவே வீட்டுக் கணக்கு என்று எல்லாம் அதில் கலந்திருந்தன. மூன்றாவது, சித்தப்பா 2002இல் டிடிபி கடையில் அடித்து வாங்கிவைத்த குடும்ப வரலாறு, ஒரு சிடியில்.

இந்த மூன்றையும் படமாக எடுத்து வைத்தால் மட்டும் போதாது என்று நினைத்தேன். பேத்தி போனில் ‘வசம்பு’ என்று தேடினால் பாட்டியின் மருந்துக் குறிப்பு வந்து நிற்க வேண்டும். அதற்குத் தாளில் இருப்பது எழுத்தாக மாற வேண்டும், அதுவும் எந்தப் போனிலும் கணினியிலும் ஒன்றுபோலப் படிக்கக்கூடிய யூனிகோடு எழுத்தாக. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்து இந்த மூன்றின் மீதும் வைத்துப் பார்த்தேன். பெட்டி இருக்கிற எல்லா வீட்டுக்கும் இது உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எல்லாவற்றுக்கும் ஒரே கருவியைத் தேடினால் நாள்தான் போகும். தாள் எப்படிப்பட்டது என்று பார்த்துவிட்டுத்தான் கருவிக்குப் போக வேண்டும். நல்ல அச்சுக்கு ஒன்று, கையெழுத்துக்கு ஒன்று, பழைய எழுத்துருக் கோப்புக்கு ஒன்று.

அச்சுப் பக்கம்

அச்சிட்ட பக்கத்தின் படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுப்பதை ஓசிஆர் என்கிறார்கள், தமிழில் எழுத்துணரி. தமிழுக்கு இன்று இலவசமாக, எளிதாகக் கிடைப்பவை நான்கு வழிகள்: கூகுள் டிரைவ், போனில் உள்ள கூகுள் லென்ஸ், டெஸராக்ட், விக்கிமூலம்.

டிரைவ் வழி பலருக்குத் தெரியாமலே இருக்கிறது. பக்கத்தின் படத்தை டிரைவில் ஏற்ற வேண்டும். கணினியில் அதன்மேல் வலது சொடுக்குப் போட்டு, கூகுள் டாக்ஸில் திற என்று கொடுத்தால் ஒரு புது ஆவணம் திறக்கும். மேலே படம், அதற்குக் கீழே எழுத்து. இது தமிழ் என்று நாம் சொல்லக்கூட வேண்டாம், தானே கண்டுகொள்ளும். படம் 2 எம்பிக்குள் இருந்தால் நல்லது, தலைகீழாகவோ பக்கவாட்டாகவோ இருக்கக் கூடாது. நீளமான பிடிஎஃப்பை முழுசாகக் கொடுப்பதைவிடச் சில பக்கங்களாக வெட்டிக் கொடுப்பது பத்திரம். இரண்டு பத்தியாக அச்சிட்ட பக்கம், அட்டவணை, அடிக்குறிப்பு இவையெல்லாம் அப்படியே வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பத்தி பத்தியாகப் படத்தை வெட்டிக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை.

லென்ஸ் ஒரு பக்கம், அரைப் பக்கத்துக்கு. புத்தகத்தின் மேல் போனைப் பிடித்து, வேண்டிய வரிகளை விரலால் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து வாட்ஸப்பில் ஒட்டிவிடலாம். கல்யாணப் பத்திரிகை, கோயில் அறிவிப்பு, மருந்துச் சீட்டின் அச்சுப் பகுதி என்றால் இதைவிட வேகம் வேறில்லை. ஆனால் 64 பக்கத்தை இப்படி எடுத்தால் எந்தப் பக்கம் எங்கே ஒட்டினோம் என்பதே குழம்பிவிடும்.

டெஸராக்டின் கதை நீளமானது. ஹெச்பி நிறுவனத்தில் 1985 முதல் 1994 வரை உருவாக்கியது. 2005இல் திறமூலமாக, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்று வெளியிட்டார்கள். 2018இல் வந்த நான்காம் பதிப்பில், எடுத்துக்காட்டுகளைப் பார்த்துத் தானே பழகிக்கொள்ளும் நரம்பணு வலைப்பின்னல் முறைக்கு மாறியது. தமிழும் அதற்குத் தெரியும். கணினியில் நிறுவியும் ஓட்டலாம், உலாவிக்குள்ளேயே ஓடும் வடிவமும் உண்டு. உலாவியில் ஓடும் அந்த வடிவத்தில் படம் நம் கணினியை விட்டு வெளியே போகாது. நிலப் பத்திரம், உயில், வைத்தியக் குறிப்பு மாதிரி வெளியார் கண்ணில் படக் கூடாத தாள் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகத் திருத்த வேண்டியிருந்தாலும் பரவாயில்லை.

விக்கிமூலம் இவற்றிலிருந்து முற்றிலும் வேறு மாதிரி. அது எழுத்துணரி மட்டுமல்ல, ஒரு பணிக்கூடம். புத்தகத்தின் பிடிஎஃப்பை ஏற்றிவிட்டால் ஒவ்வொரு பக்கமும் தனித்தனியாகத் திறக்கும். ஒருபுறம் எழுத்துப் பெட்டி, பக்கத்திலேயே மூலப் படம். எழுத்துணரிப் பொத்தானை அழுத்தினால் எழுத்து வந்து விழும். படத்தைப் பார்த்துக்கொண்டே திருத்தலாம். திருத்தாத பக்கம் சிவப்பு. ஒருவர் மெய்ப்புப் பார்த்துவிட்டால் மஞ்சள். இன்னொருவர் மறுபடி பார்த்து ஒப்புக்கொண்டால்தான் பச்சை. தன் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது என்பது ப்ரூஃப் பார்த்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். அந்த அறிவை ஒரு நிறத்தில் கட்டிவைத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

ஆனால் விக்கிமூலத்தில் எதையும் ஏற்றிவிட முடியாது. பதிப்புரிமைக் காலம் முடிந்து பொதுவுடைமை ஆன நூல், அல்லது யாரும் பயன்படுத்தலாம் என்று உரிமையாளர் கட்டற்ற உரிமத்தில் கொடுத்த நூல்தான் அங்கே இருக்கலாம். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் காலமான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் பதிப்புரிமை நிற்கும். 1964இல் காலமானவரின் எழுத்து 2025 தொடக்கத்தில் பொதுவுடைமை ஆனது. இலங்கையில் இது 70 ஆண்டு. எங்கள் தாத்தா 1981 வரை இருந்தார், ஆகவே உரிமை இன்னும் குடும்பத்திடம்தான். வாரிசுகள் எல்லாரும் எழுத்து மூலம் சம்மதித்துக் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற கட்டற்ற உரிமத்தில் கொடுத்தால் ஏற்றலாம். அத்தையும் சித்தப்பாவும் உடனே சரி என்றார்கள். கனடாவில் இருக்கும் பெரியப்பா மகனிடமிருந்து பதில் வர வேண்டும்.

அதுவரை நான் டிரைவ் வழியில் வேலையைத் தொடங்கினேன். சொந்தச் சிறுநூலுக்கு, தனி ஆளாகச் செய்வதற்கு, இதுவே போதும் என்பது என் தீர்ப்பு.

பழைய எழுத்தும் புள்ளியும்

இங்கேதான் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. 1978இல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்தது. பெரியார் 1935 முதல் தன் குடிஅரசு இதழில் கையாண்ட முறையை ஒட்டி 13 எழுத்துகள் மாறின. ணா, றா, னா மூன்றும் அதற்குமுன் துணைக்கால் இல்லாமல் கீழே சுழித்த ஒரே எழுத்தாக இருந்தன. ணை, லை, ளை, னை நான்கும் யானைத் துதிக்கை மாதிரி வளைந்த கொம்போடு இருந்தன. ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆறிலும் ணா, றா, னாவின் அந்தச் சுழித்த வடிவமே வரும். 1978க்கு முந்தைய பெரும்பாலான புத்தகங்களில் பக்கத்துக்குப் பத்து இருபது இடத்தில் இந்த எழுத்துகள் வந்துவிடும். தலைவன், மலை, துணை, அண்ணா, ஆனால் என்று நாம் எழுதும் சொற்களில்தானே இவை இருக்கின்றன!

எழுத்துணரிகள் பெரும்பாலும் இன்றைய எழுத்துகளைப் பார்த்துப் பழகியவை. துதிக்கை ‘லை’யைக் கண்டால் தடுமாறும். இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். முதல் ஐந்து பக்கத்தை மட்டும் எடுத்து, எந்தப் பழைய எழுத்து எந்தத் தப்பாக வருகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே அச்சகத்தின் ஒரே எழுத்து என்பதால் தப்பும் ஏறக்குறைய ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வரும். அப்புறம் டாக்ஸில் தேடி மாற்றும் வசதியைத் திறந்து ஒவ்வொரு சொல்லாக மாற்றினால் பாதி வேலை முடிந்துவிடும். எழுத்தாக மாற்றாமல் முழுச் சொல்லாக மாற்றுங்கள், இல்லையென்றால் சரியாக வந்த இடமும் கெட்டுப்போகும்.

இன்னொன்று புள்ளி. மை வற்றிய அச்சில் புள்ளி முதலில் மறையும். பால் என்பது ‘பால’ ஆகும், கண் என்பது ‘கண’ ஆகும். தாளில் ஒரு தூசி இருந்தால் இல்லாத இடத்தில் புள்ளி வரும். ரகரமும் துணைக்காலும் பழைய அச்சில் ஒன்றுபோலவே இருக்கும், நாம் இடம் பார்த்துப் படித்துக்கொள்வோம். எகரமும் ஏழுக்கான தமிழ் எண்ணும், ககரமும் ஒன்றுக்கான தமிழ் எண்ணும் அப்படியே. ஆகவே தேதி, பாட்டு எண் வரும் இடங்களை இரண்டு முறை பாருங்கள்.

இந்தத் தொல்லைகளில் பெரும்பகுதி படம் எடுப்பதிலேயே தீர்ந்துவிடுகிறது. காலை எட்டு மணி வாக்கில் ஜன்னலோரம், நேர் வெயில் படாத இடத்தில் புத்தகத்தை விரித்து, மேலே ஒரு கண்ணாடிப் பலகையை வைத்து அழுத்தி, போனைக் கைக்குப் பதில் இரண்டு அடுக்குப் புத்தகத்தின் மேல் குறுக்காக வைத்து எடுத்தேன். எல்லாப் பக்கமும் ஒரே அளவில், கோணாமல் வந்தன. முதலில் இரவில் டியூப்லைட்டில் எடுத்த படத்தையும் இதையும் ஒரே கருவியில் கொடுத்துப் பார்த்தபோது, ஒரு பக்கத்துக்கு நாற்பதுக்கு மேல் இருந்த பிழை பதினைந்துக்குள் வந்துவிட்டது. கருவியை மாற்றுவதற்குமுன் படத்தை மாற்றிப் பாருங்கள்.

பாட்டியின் நோட்டு

கையெழுத்துக்கு எழுத்துணரி வேண்டாம். அழகான, தனித்தனி எழுத்தாக இருந்தால் லென்ஸ் ஓரளவு படிக்கும். பாட்டி எழுதியது சாய்ந்த, புள்ளியே வைக்காத எழுத்து. அந்தக் காலத்தில் பலர் அப்படித்தான் எழுதினார்கள். அதைத் திருத்துகிற நேரத்தில் புதிதாகவே அடித்துவிடலாம்.

நான் குரல் தட்டச்சுக்குப் போனேன். கூகுள் 2017இல் தமிழையும் தன் குரல் தட்டச்சில் சேர்த்தது. கணினியில் குரோம் உலாவியில் கூகுள் டாக்ஸைத் திறந்து, கருவிகள் பட்டியலில் குரல் தட்டச்சைத் தேர்ந்தெடுத்து, மொழியைத் தமிழ் என்று வைத்தால் போதும். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று தனித்தனியாகத் தமிழ் இருக்கிறது. படிக்கிறவர் எந்த ஊரோ அதை வைப்பது நல்லது. போனில் ஜிபோர்டு விசைப்பலகையின் மைக்கை அழுத்தினாலும் இதே வேலை நடக்கும்.

அத்தைக்கு வயது 74. பாட்டியின் கையெழுத்தைத் தடுக்காமல் படிக்கத் தெரிந்தவர் வீட்டில் அவர் ஒருவர்தான். கூடத்தில் மின்விசிறியை நிறுத்திவிட்டு (அதன் சத்தம் மைக்குக்கு ஆகாது), மடிக்கணினியை அவர் முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, செய்தி வாசிப்பதுபோல் நிறுத்தி நிறுத்திப் படித்தார். அவர் வாயிலிருந்து வர வர எழுத்து ஓடுவதைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் படிப்பதையே மறந்துவிட்டார்.

மூன்றாம் பக்கத்தில், குழந்தைக்கு வயிற்று உப்புசத்துக்கான மருந்தில், ‘பேர் சொல்லாததைச் சுட்டு இழைத்து’ என்று பாட்டி எழுதியிருந்தார். அத்தை அங்கே நிறுத்தினார். “இது வசம்புடா. விளக்கு வச்சதுக்கு அப்புறம் அதைப் பேர் சொல்லிக் கேட்க மாட்டோம். அம்மா எழுதுறப்பவும் சொல்லலை பார்” என்றார். எந்த எழுத்துணரியும் எனக்கு இதைச் சொல்லியிருக்காது. அத்தை சொன்னதையும் அப்படியே சதுர அடைப்புக்குள் சேர்த்துக்கொண்டேன். இப்போது ‘வசம்பு’ என்று தேடினாலும் கிடைக்கும், ‘பேர் சொல்லாதது’ என்று தேடினாலும் கிடைக்கும்.

குரல் தட்டச்சின் குறைகளையும் சொல்ல வேண்டும். தமிழில் காற்புள்ளி, முற்றுப்புள்ளியை நாமே பின்னால் வைக்க வேண்டும். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் மைக் அணைந்துவிடும். அது தனக்குத் தெரிந்த சொல்லைத்தான் எழுதும் என்பது பெரிய குறை. உரைநடைக்கு அது பாதகமில்லை. தாலாட்டில் ‘மானே மருக்கொழுந்தே’ வரை நன்றாக வரும், ஊர்ப் பேச்சு வந்ததும் அதைப் பாடநூல் தமிழாகத் திருத்திவிடப் பார்க்கும். பாட்டுக்கு அந்தப் பேச்சுதான் உயிர். அதனால் பாட்டுகளை அத்தை பாடப் பாட போனில் ஒலியாகப் பதிவுசெய்துகொண்டு, கேட்டுக் கேட்டு நானே தட்டினேன்.

கணக்குப் பக்கங்களையும் கையால்தான் அடித்தேன். வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳, ரூபாய்க்கு ௹ என்று பாட்டி குறியீடுகளைப் போட்டிருந்தார். இவை யூனிகோடில் 2003 முதல் இருக்கின்றன, நகலெடுத்து ஒட்டிக்கொள்ளலாம். அரைக்கால், மாகாணி போன்ற பின்னக் குறிகள் 2019இல்தான் யூனிகோடுக்குள் வந்தன. எழுத்துரு இல்லாத போனில் அவை வெறும் கட்டமாகத் தெரியும். ஆகவே பின்னங்களை மட்டும் சொல்லாக எழுதி, படத்தைப் பக்கத்தில் வைத்துவிட்டேன்.

கையால் அடிப்பதென்றால்

ஒலிபெயர்ப்பு முறை, அதாவது ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக வாங்குவது, எல்லாருக்கும் தெரிந்தது. கூகுள் உள்ளீட்டுக் கருவியின் இணையப் பக்கத்தில் நிறுவாமலே செய்யலாம். பத்துப் பக்கத்துக்கு அது போதும். அதற்குமேல் வேலை இருந்தால் தமிழ்99 கற்றுக்கொள்ளுங்கள் என்பேன். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி வந்த விசைப்பலகை அது. இடக்கைப் பக்கம் உயிர், வலக்கைப் பக்கம் மெய். ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதுக்குப் புள்ளி தானே விழும். ‘அம்மா’ நான்கே தட்டல். எனக்குப் பழக இரண்டு வாரம் ஆனது. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கி, சங்க இலக்கியம் முதல் எத்தனையோ நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டித் தட்டித்தான் இணையத்துக்குக் கொண்டுவந்தார்கள் என்பதை நினைத்துக்கொண்டே பழகினேன்.

சித்தப்பாவின் சிடி

இது சுருக்கமான கதை. கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகக் குப்பையாகத் தெரியும். கெட்டுப்போகவில்லை, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்தது, அவ்வளவுதான். பாமினி, டாப், டாம், டிஸ்கி, வானவில் என்று அந்தக் காலத்தில் ஆளுக்கொரு குறியாக்கம், அதாவது எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற கணக்கு. சுரதாவின் பொங்குதமிழ் மாதிரியான எழுத்துருமாற்றிப் பக்கத்தில் ஒட்டி, எந்த எழுத்துரு என்று தேர்ந்தெடுத்தால் நொடியில் தமிழாகிவிடும். எழுத்துருவின் பெயர் தெரியாவிட்டால் முதல் பத்தியை மட்டும் ஒட்டி ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள், எது சரி என்று கண்ணிலேயே தெரிந்துவிடும். எங்களுடையது பாமினி. 90 பக்கம் அரை மணி நேரத்தில் முடிந்தது. டிடிபி கடைக் கோப்பு கையில் இருந்தால் அதை அச்சிட்டு ஓசிஆர் செய்யப் போகாதீர்கள்.

திருத்தும் வேலை

எந்த வழியில் வந்தாலும் எழுத்தைக் கடைசியில் ஒரு முறை சலிக்க வேண்டும். நீச்சல்காரன் உருவாக்கிய வாணி என்ற எழுத்துப்பிழை திருத்தி இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. ஒட்டினால் சந்தேகமான சொற்களைக் காட்டிப் பரிந்துரையும் தரும். சந்திப்பிழைக்கு அவருடைய நாவி. எழுத்துணரி விட்ட புள்ளிகளைப் பிடிக்க வாணி மிகவும் உதவும். ‘கண’ மாதிரி, தப்பாக வந்தும் ஒரு சொல்லாகவே இருப்பதை மட்டும் மனிதக் கண்தான் பிடிக்க வேண்டும். பாட்டியின் நோட்டை நான் நாவியில் போடவில்லை. அவர் ஒற்று விட்ட இடத்தில் ஒற்று இல்லாமலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எங்கே வைப்பது

சில வருடத்துக்கு முன் ஒரு இலவசத் தளத்தில் அப்பாவின் கடிதங்கள் நாற்பதை ஏற்றி வைத்திருந்தேன். ஒரு நாள் காலையில் தளமே இல்லை. அறிவிப்பும் இல்லை, பதில் சொல்ல ஆளும் இல்லை. மூலக் கடிதங்கள் கையில் இருந்ததால் பிழைத்தேன். அடித்த உழைப்பு முழுக்கப் போய்விட்டது. அதிலிருந்து எதையும் இரண்டு இடத்தில் வைக்காமல் தூங்குவதில்லை.

டிரைவில் இலவசமாக 15 ஜிபி உண்டு, ஆனால் மின்னஞ்சலும் புகைப்படமும் அதே இடத்தைத்தான் பங்குபோடும். வேலை நடக்கும்போது அங்கே, முடிந்தபின் வேறிடம் என்பது என் முறை. எல்லாரும் படிக்கலாம் என்று முடிவானால் இணைய ஆவணகம் (இன்டர்நெட் ஆர்க்கைவ்) நல்ல இடம். 1996இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. பிடிஎஃப்பை ஏற்றும்போது மொழி என்ற கட்டத்தில் தமிழ் என்று மறக்காமல் குறித்தால் அதுவே எழுத்தையும் பிரித்துத் தர முயலும். ஈழத்து எழுத்து, இலங்கையில் அச்சான இதழ் என்றால் 2005 முதல் இயங்கும், ஈழத்து ஆவணங்களை மின்வடிவில் சேர்க்கும் ‘நூலகம்’ என்ற நிறுவனத்தைக் கேளுங்கள். அவர்களுக்கு அந்தத் தாளின் அருமை தெரியும். சித்தப்பாவின் புத்தகத்தைக் கிரியேட்டிவ் காமன்ஸில் கொடுத்து மின்னூலாக்க ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் குழுவுக்கு அனுப்பலாம் என்று இருக்கிறோம். தாத்தாவின் சிறுநூல், பெரியப்பா மகன் பதில் போட்டதும், விக்கிமூலத்துக்குப் போகும். அங்கே போனால்தான் இரண்டாவது ஒருவர் பார்த்து அது பச்சையாகும்.

பாட்டியின் நோட்டில் இன்னும் பதினொரு பக்கம் பாக்கி இருக்கிறது. அதில் இரண்டு பக்கம் எண்ணெய் பட்டு மங்கிப்போனவை. அத்தையும் அதில் ஒரு கும்மியின் நடுவில் நான்கு வரியைப் படிக்க முடியவில்லை என்றார். அவருடைய சின்னம்மா மகள் மாயவரத்தில் இருக்கிறாராம், அந்தப் பாட்டு அவருக்குத் தலைகீழாகத் தெரியுமாம். பொங்கலுக்கு வருகிறார். மைக்கைத் தயாராக வைத்திருக்கிறேன்.